முதல் திருகலிலேயே கிளம்பிவிட்ட வண்டி

அத்தியாயம் ஐந்து

"என் வண்டி காணாமப் போச்சு," என்றார் நிராசாவா தொகுஜி.

"எங்கேயிருந்து?" என்று கேட்டார் துப்பறியும் தாமகி.

"இதோ, இங்கேயிருந்துதான்."

அவர் கையைக் காட்டிய இடத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தது.

உதவியாளன் தோபிதா கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். ஆரஞ்சு நிறம். நாலு கதவு. முன்னால் நாலு வட்ட விளக்கு. வழியில் போகிறவனை முறைத்துப் பார்த்து "என்னடா?" என்று கேட்கும் முகம். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஹயாகாசே ஜி.டி. ஸ்போர்ட்ஸ் செடான். மினோசே ஊரில் அதைத் தெரியாதவர் கிடையாது. அந்த ஊரில் பிறக்கிற குழந்தைகள் 'அம்மா' என்று சொல்லப் பழகுவதற்கு முன்பே அந்த வண்டியின் உறுமலைக் கேட்டுக் கையைத் தட்டும்.

"பாஸ், தொலைஞ்ச வண்டி கண்ணு முன்னாடி நிக்குது. சரித்திரத்துலயே சீக்கிரமா முடிஞ்ச கேஸ் இதுதான். வாங்க, நூடுல்ஸ் சாப்பிடப் போகலாம்," என்றான் தோபிதா.

முப்பது வருஷம் டாக்சி ஓட்டி, இடுப்பு மக்கர் பண்ணியதால் ஓய்வு பெற்றவன் அவன். இடுப்புதான் ஓய்வு பெற்றது, வாய் இன்னும் டபுள் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தது. தாமகியோ வாகன இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து மதிப்பீட்டாளராக இருந்த பெண்மணி. பம்பரில் விழுந்த கீறலைப் பார்த்தே மோதியவனின் மாமியார் பெயரைச் சொல்லிவிடுவார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்த மிகை. மாமியாரின் ஊரை மட்டும்தான் சொல்வார்.

"இது என் வண்டி இல்லம்மா!" நிராசாவாவின் குரல் உடைந்தது. எழுபத்தெட்டு வயது. மீசோ என்கிற சோயா விழுதுக் கடை வைத்திருந்து, அதை விற்றுவிட்டு, இப்போது இந்த வண்டிக்காகவே உயிரோடு இருக்கிறவர். "என் வண்டி மாதிரி வேஷம் கட்டிக்கிட்டு நிக்குது."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"காலையில சாவியத் திருகினேன். உடனே கிளம்பிடுச்சு!"

"அடப் பாவி வண்டி!" என்றான் தோபிதா.

நிராசாவா சிரிக்கவில்லை. "நாப்பத்தோரு வருஷமா இத வச்சிருக்கேன் தம்பி. ஒருநாள், ஒரே ஒருநாள், முதல் திருகல்ல கிளம்பினதில்ல. சோக்க ரெண்டு விரக்கடை இழுக்கணும். ஆக்சிலேட்டர மூணு மிதி மிதிக்கணும். டேஷ்போர்டத் தட்டிக் கொடுத்து, 'மன்னிச்சுக்கோ தாயி, குளிருதுதான், எனக்கும்தான் குளிருது'ன்னு சொல்லணும். மூணு தடவ இருமும். நாலாவதுக்குத்தான் எழுந்திரிக்கும். என் பொண்ணு கல்யாணத்துக்கே பொண்ணு லேட்டாத்தான் போய்ச் சேர்ந்தா."

"அப்படிப்பட்ட வண்டி திடீர்னு திருந்திடுச்சுன்னா சந்தோஷப்பட வேண்டியதுதானே?"

"உன் பொண்டாட்டி ஒருநாள் காலையில திடீர்னு உன்னைப் பார்த்துச் சிரிச்சா நீ சந்தோஷப்படுவியா, பயப்படுவியா?"

தோபிதா யோசித்தான். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

நிராசாவா குரலைத் தாழ்த்தினார். "என் பொண்ணு மிஹோகிட்ட போன்ல சொல்லித் தொலைச்சிட்டேன். ஞாயித்துக்கிழமை டோக்கியோலேர்ந்து வர்றா. திங்கக்கிழமை காலையில என்னை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயி லைசென்ஸத் திருப்பிக் கொடுக்க வைக்கப்போறாளாம். 'சொந்த வண்டியே அடையாளம் தெரியாதவர் ரோட்டுல போகக் கூடாதுப்பா'ங்கறா. லைசென்ஸ் போனா வண்டிய வித்துடணும். அதுக்குப் பதிலா என் கல்லீரலக் கேட்டாக்கூடக் குடுத்துடுவேன்." அவர் ஆரஞ்சு நிறக் கூரையைத் தொடப்போய், அந்நியர் வீட்டுப் பெண்ணைத் தொடப் போனவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார். "இது என் வண்டின்னா எனக்குப் புத்தி கலங்கிப்போச்சு. என் வண்டி இல்லேன்னா அது திருடு போச்சு. ரெண்டுல எதுக்குச் சாமி கும்பிடறதுன்னே தெரியலம்மா."

தாமகி வண்டிக்குப் பின்னால் போய் முழங்கால்கள் பட்டாசு மாதிரி வெடிக்கக் குந்தி உட்கார்ந்தார். பின் நம்பர் பிளேட்டின் இடது திருகாணிக்கு மேல் அரசாங்கம் அடித்த சின்ன அலுமினிய முத்திரை. அதை உடைக்காமல் பிளேட்டைக் கழற்ற முடியாது. முத்திரை அப்படியே இருந்தது. பாசி பிடிக்காத குறை.

"வண்டி உங்களுதுதான், நிராசாவா சான்," என்றார், பெயரோடு 'சான்' என்ற மரியாதையும் சேர்த்து.

கிழவரின் முகத்தில் விளக்கு அணைந்தது. "அப்போ எனக்குத்தான்..."

"அவசரப்படாதீங்க. உடம்பு உங்க வண்டியோடது. நடத்தைதான் மாறியிருக்கு. நடத்தை மாறினா யாரோ புதுசா சகவாசம் வச்சிருக்காங்கன்னு அர்த்தம். எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு பார்க்கலாமா?"

"அந்த எண்ணெல்லாம் உறைஞ்சுபோயி இருபது வருஷமாச்சு. வேகமும் பெட்ரோல் அளவும் மட்டும்தான் காட்டும்."

தாமகி மூக்கை உயர்த்தினார். அந்த மூக்கு சாதாரண மூக்கல்ல. கடலோரத்தில் மீன் வறுத்தால் மலைமேல் இருந்துகொண்டே உப்பு குறைவு என்று சொல்லக் கூடியது. "டிக்கியைத் திறங்க."

திறந்ததும் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. நிராசாவா ஓடிப்போய் சாவியைப் பாதி திருப்பி பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். முள் எகிறிக் கடைசிக் கோட்டில் போய் நின்றது.

"ஃபுல் டேங்க்!" என்று அலறினார். "நான் பாதிக்கு மேல ஊத்தவே மாட்டேனே! டேங்கோட கழுத்துல ஒரு தையல் விட்டிருக்கு. பாதியத் தாண்டினா பெட்ரோல் வேர்க்கும். யாரோ..."

"யாரோ வண்டிய எடுத்துட்டுப் போயிருக்காங்க," என்று முடித்தார் தாமகி. "ஓட்டிட்டு, சீர் பண்ணிட்டு, டேங்க வழிய வழிய நிரப்பிட்டு, திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்காங்க."

"திருடனுக்கு இவ்வளவு மரியாதையா?" என்றான் தோபிதா. "என் மச்சான் என் வண்டிய வாங்கிட்டுப் போனா காலி டேங்கோட பெட்ரோல் ஆவிலதான் திருப்பி ஓட்டிட்டு வருவான்."

"திருடன் இல்லய்யா. இரவல் வாங்கினதை வெறுமையாத் திருப்பித் தரக் கூடாதுன்னு வளர்க்கப்பட்ட யாரோ. இந்த ஊர்ல கிண்ணம் கடன் வாங்கினாக்கூட ரெண்டு முள்ளங்கி போட்டுத்தானே திருப்பித் தர்றாங்க. அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகல. அதுலதான் மாட்டிக்கிட்டாங்க."

"பாஸ், எனக்கு ஆள் தெரிஞ்சுபோச்சு. சுகெகாவா! வெள்ளை ஹயாகாசே வச்சிருக்காரே, இவரோட சங்கத்துல. கோல்ஃப் மைதானத்துல இந்த ஆரஞ்சு வண்டியப் பத்திப் பேசும்போதெல்லாம் அந்த ஆளுக்கு எச்சில் ஊறும். நானே பார்த்திருக்கேன், துண்டு வச்சுத் துடைச்சிக்கிட்டாரு."

"சுகெகாவாவுக்கு இந்தத் தையல் விஷயம் தெரியுமா, நிராசாவா சான்?"

"பழைய செடான் சங்கத்துல இருக்கிற ஏழு பேருக்கும் தெரியும். இருபது வருஷமா ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்லி அழறேனே. மெக்கானிக்குக்கும் தெரியும். பெட்ரோல் பங்க் பையனுக்குக்கூடத் தெரியும்."

"தெரிஞ்சவங்க நிரப்ப மாட்டாங்க. சுகெகாவாவ விட்டுடு தோபிதா. மெக்கானிக்கையும் விட்டுடு."

அப்போது வீட்டுப் பக்கமிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. நிராசாவா டிக்கியைப் படாரென்று மூடினார். "ஸ்ஸ்! என் வீட்டுக்காரி கிகுனோ வர்றா. டேங்க் பேச்ச விடுங்க."

வந்த கிகுனோ சான் ஒரு குருவி. முழுசாக நனைந்தாலும் நாற்பது கிலோ தாண்டாது. கையில் தேநீர்த் தட்டு. தட்டில் பழுப்பு நிற மஞ்சூ உருண்டைகள், உள்ளே இனிப்புப் பயறு வைத்து ஆவியில் அவித்தவை. "குளிர்ல நிக்கறீங்களே. இவரோட சேர்ந்து நீங்களும் இந்த ஆரஞ்சுச் சிறுக்கிய வேடிக்கை பாக்கறீங்களா?"

தோபிதா ஒன்றைத் தின்றான். சுவை சொர்க்கத்தில் ஒரு கதவைத் திறந்தது. மற்ற கதவுகளையும் திறந்து பார்க்க இன்னும் மூன்றைத் தின்றான்.

"அருமையா இருக்கே, கிகுனோ சான். எங்கே வாங்கினது?" என்று கேட்டார் தாமகி.

"எங்க ஹூலா நடன வகுப்புல ஒருத்தி கொடுத்தா. புதனும் சனியும் வகுப்பு. இவங்கெல்லாம் மட்டையத் தூக்கிக்கிட்டு மைதானத்து பஸ்ல கோல்ஃபுக்குப் போற நாள்ல நாங்க ஏழு பேரும் இடுப்ப ஆட்டப் போயிடுவோம்."

"இந்த வீட்டுல வேற யாராவது வண்டி ஓட்டுவாங்களா?"

கிகுனோ உள்ளே போய் ஒரு லைசென்ஸைக் கொண்டுவந்து காட்டினார். பொன்னிறப் பட்டை போட்டது, வருஷக்கணக்காக ஒரு தப்பும் செய்யாதவர்களுக்குத் தருவது. "என்னுது இருக்கு. 'அலமாரியில தூங்கற லைசென்சுக்குத் தங்கம் தராம என்ன தருவான்'னு எங்க வீட்டுக்காரர் சொல்வாரு."

"நாட்டு நீதி இதுதான் பாஸ்," என்று பெருமூச்சு விட்டான் தோபிதா. "முப்பது வருஷம் ராப்பகலா ஓட்டினேன், எனக்கு நீலப் பட்டை. அலமாரிக்குத் தங்கம்."

தெருமுனை திரும்பியதும் தாமகி கையை நீட்டினார். "கொடு."

"எதை?"

"சட்டைப் பையில போட்டியே, அஞ்சாவது மஞ்சூ."

தோபிதா அசட்டுச் சிரிப்போடு எடுத்துக் கொடுத்தான். தாமகி உருண்டையை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உறையை மட்டும் வைத்துக்கொண்டார். உறையில் ஒரு கொதிக்கும் ஊற்றின் படம். யுனோசாவா என்ற ஊர்ப் பெயர். கீழே சின்னதாக: இரண்டு நாளுக்குள் உண்ணவும்.

"இன்னைக்கு வியாழன், வகுப்பு புதன். அப்போ இது நேத்து வாங்கினது. யுனோசாவா எங்கே இருக்கு?"

"கரசு கணவாயத் தாண்டி. போன வசந்தத்துலயே பஸ்ஸ நிறுத்திட்டாங்க, கார் இல்லாம..." தோபிதாவின் வாய் பாதி மஞ்சூவோடு நின்றது. "பாஸ்! நாலு சாட்சியத்த நான் தின்னுட்டேனா?"

"இப்போ அஞ்சு. சனிக்கிழமை உன் வண்டியில கணவாய்க்குப் போறோம். நிராசாவா சான் வழக்கம்போல கோல்ஃபுக்குப் போகட்டும்னு சொல்லிடு."

*

தோபிதாவின் வண்டி ஒரு குட்டி வேன். குளிர்பதனப் பெட்டிக்குச் சக்கரம் வைத்தது மாதிரி இருக்கும். கரசு கணவாயின் ஏற்றத்தில் அது முனகிய முனகலுக்கு இரக்கப்பட்டு, சாலையோரக் குரங்குகள் பழம் நீட்டின. ஒரு குரங்கு கூடவே நடந்து வந்து, அலுத்துப்போய் முன்னால் போய்விட்டது.

"பாஸ், ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். முப்பது வருஷ டாக்சி வாழ்க்கையில இந்தக் கணவாயில என்னை ஒருத்தன் முந்தினது கிடையாது."

"அப்படியா?"

"என் பின்னாடி வரவே நடுங்குவாங்க. என் பேரச் சொன்னா..."

விர்ர்ரென்று ஒரு ஆரஞ்சு மின்னல் வலப்பக்கமாகப் பறந்தது. முந்திப் போன கையோடு, பின் விளக்குகளை இரண்டு முறை மினுக்கி, வழிவிட்டதற்கு நன்றியும் சொல்லிவிட்டு வளைவில் மறைந்தது.

"...பேரச் சொன்னா?" என்று கேட்டார் தாமகி.

தோபிதா வாயைத் திறப்பதற்குள் ஒரு வெள்ளை. மினுக், மினுக். பிறகு ஒரு பச்சை. மினுக், மினுக். ஒரு சாம்பல். அதன் பின் கண்ணாடியில் காகிதப் பூமாலை ஒன்று ஆடியது. ஏழு வண்டிகள் முந்திப் போய், ஏழும் நன்றி சொன்னபோது, தோபிதாவின் மானம் மலையடிவாரத்தில் உருண்டுகொண்டிருந்தது.

"ஓட்டினது யாருன்னு பார்த்தியா?"

"ஓட்டினவங்க தலையே தெரியல பாஸ்! ஸ்டியரிங்குக்கு மேல நெத்தி மட்டும்தான் தெரிஞ்சுது. பேய்தான் ஓட்டுது. இல்லேன்னா ரொம்பக் குள்ளமான கொள்ளைக்கூட்டம்."

தாமகி சிரித்துக்கொண்டே வந்தார். ஒரு மதிப்பீட்டாளர் அப்படிச் சிரித்தால் யாருக்கோ இன்சூரன்ஸ் தொகை கிடைக்காது என்பது தோபிதாவுக்குத் தெரியும்.

யுனோசாவா மஞ்சூக் கடையின் வாசலில் ஊற்று நீராவி மேகம் மாதிரி மிதந்தது. அந்த நீராவிக்குள்ளே, ஊரை ஒரு வட்டம் அடித்துவிட்டு அப்போதுதான் திரும்பிய ஏழு பழைய ஸ்போர்ட்ஸ் செடான்களும் பின்பக்கமாக வந்து, கோடு போட்ட இடங்களில் ஒரே வீச்சில் நின்றன. முன்னும் பின்னும் திருத்திக்கொள்ளவில்லை. மாடு பழகிய தொழுவத்தில் புகுந்த மாதிரி. டாக்சிக்காரன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

கடைக்காரம்மா ஆவிப் பெட்டியைத் திறந்துகொண்டே, "அட, ஹூலாக் கூட்டம் வந்துட்டுதா! ஏழு டஜன் எடுத்து வைக்கணும்," என்றாள்.

கதவுகள் திறந்தன. கொள்ளைக்கூட்டம் இறங்கியது. பூப்போட்ட ஹூலாப் பாவாடை. வெள்ளைக் கையுறை. கழுத்தில் காகிதப் பூமாலை. ஏழு பேரும் எழுபது வயதைத் தொட்ட, தொட்டுத் தாண்டிய பெண்கள். ஆரஞ்சு வண்டியிலிருந்து, அடியில் இரண்டு திண்டு போட்டு உட்கார்ந்திருந்த கிகுனோ சான், குருவி கிளையிலிருந்து குதிப்பது மாதிரி குதித்தார்.

குதித்தவர் தாமகியைப் பார்த்தார். பூமாலை நழுவிக் கீழே விழுந்தது.

"சங்கத்து ஆளுங்களோட பொண்டாட்டிங்க!" என்று தோபிதா முனகினான். "ஏழு பேரோட வண்டி, ஏழு பேரோட பொண்டாட்டி! பாஸ், உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நிராசாவா சான் டிக்கிய மூடினாரே, அப்பவே. அந்த டேங்கோட குறை ஊர்ல எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒரே ஒரு ஆளுக்குத்தான்." தாமகி கிகுனோவைப் பார்த்துத் தலை குனிந்தார். "குறை சொன்னா 'வித்துத் தொலைங்க'ன்னு நீங்க சொல்லிடுவீங்களோன்னு பயந்து, உங்ககிட்ட மட்டும் இருபது வருஷமா மறைச்சிருக்காரு. அப்புறம், லைசென்ஸக் காட்டினப்போ நீங்க ஓட்டறதில்லைன்னு சொல்லல. வீட்டுக்காரர் என்ன சொல்வார்னு மட்டும்தான் சொன்னீங்க."

"பொய் சொல்ல வாய் வரல," என்றார் கிகுனோ மெல்ல. "டேங்க் வேர்க்குமா? அந்த மனுஷன் ஒரு வார்த்த சொன்னதில்லையே! பதினோரு வருஷமா, எரிச்ச அளவுக்கு மட்டும் ஊத்திக்கிட்டு வந்தேன். புதன்கிழமை மூணாவது வளைவுல வண்டி நின்னுபோச்சு. பெரிய தப்புப் பண்ணிட்ட மாதிரி இருந்துது. மனசு கேக்காம வாய் வரைக்கும் நிரப்பிட்டேன்."

வெள்ளை வண்டியிலிருந்து இறங்கிய அகலமான பெண்மணி முன்னால் வந்தார். சுகெகாவாவின் மனைவி நாத்ஸுவே. மோட்டார் பட்டறைக்காரர் மகள். பாலோடு கிரீஸையும் குடித்து வளர்ந்தவர். "தப்பு என்னுது. நின்ன வண்டியோட கார்புரேட்டர நான்தான் பிரிச்சு மாட்டினேன். எப்பவுமே சரி பண்ணி ஓட்டிட்டு, வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி மறுபடி கெடுத்து வச்சிடுவோம். யார் வண்டி எப்படி இருமும், எங்கே உதறும், எல்லாம் எனக்கு அத்துப்படி. அன்னைக்கு மழை வந்துடுச்சு, கெடுக்க மறந்துட்டேன்."

"கெடுக்க மறந்துட்டீங்களா!" தோபிதாவுக்கு ஆனந்தத்தில் விக்கல் வந்துவிட்டது. "உங்க வீட்டுக்காரர் வண்டிய மட்டும் கெடுக்கறதில்லையோ? பறக்குதே!"

"அவர் வண்டியோட குறையெல்லாம் அவருக்கே தெரியாது, தம்பி. எதுக்கு மெனக்கெடணும்? தன் கைராசியாலதான் பறக்குதுன்னு ஊர் பூராவும் சொல்லிட்டுத் திரியறாரு. திரியட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள், கிகுனோவைத் தவிர. அவர் கையுறையைக் கழற்றி, மடித்து, மறுபடி பிரித்தார். "நாளைக்கு மிஹோ வர்றா. லைசென்ஸ வாங்கிடுவா. புத்தி கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அந்த மனுஷன் ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல. கொட்டகைக்குப் போயி வண்டி முன்னாடி நின்னு, 'நீ யாரு?'ன்னு கேக்கறாரு. எனக்குத் தொண்டை வரைக்கும் வருது. சொன்னா உங்க ஆறு பேர் வண்டியும் போயிடும்னு முழுங்கிடறேன். அதக் கேக்கத்தான் இன்னைக்கு வந்தேன். கடைசியா ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு... சொல்லிடட்டுமா?"

ஆறு பெண்களும் ஆளுக்கொரு வண்டியைப் பார்த்தார்கள்.

நாத்ஸுவே மூக்கை உறிஞ்சினார். "ஏழு பேருக்கும் வீட்டுல ஒரு மனுஷன் இருக்கான். அதுல ஒருத்தன்தான் தன் வண்டிய ஒரே திருகல்ல அடையாளம் கண்டுபிடிச்சான். அவனப் போயி பைத்தியமாக்கறதா? போ, சொல்லு. உன் பேரச் சொல்லு. எங்களப் பத்தி அவர் கேட்டா, நாங்க ஹூலா ஆடறோம்."

*

கிகுனோ தாமகியையும் தோபிதாவையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார். குளிர்பதனப் பெட்டியை நாளை வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. கணவாயிலிருந்து இறங்கியபோது தோபிதா தனக்குத் தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டான். தெரியாத இரண்டு பேரும் வந்தார்கள்.

நிராசாவா கோல்ஃபிலிருந்து திரும்பி, வெறும் கொட்டகையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஆரஞ்சு வண்டி தெருவில் திரும்பியதையும், ஸ்டியரிங்குக்கு மேலே தெரிந்த நெற்றியையும் பார்த்தார். அவர் கையிலிருந்த மட்டை தானாகக் கீழே விழுந்தது.

கிகுனோ இறங்கினார். போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"மிஹோ, நாளைக்கு வரவேண்டாம். உங்கப்பாவுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. வண்டிய எடுத்துட்டுப் போனவ நான்தான். ஆமா, நானேதான். சரி பண்ணிக் கொண்டுவந்து விட்டேன், அவர் கண்டுபிடிச்சிட்டாரு. இல்லடி, எனக்கும் புத்தி நல்லாத்தான் இருக்கு. பதினோரு வருஷமா. கணவாய்க்கு. ஆமா, வேகமாத்தான். வச்சிடறேன்."

பின் சீட்டில் தோபிதா முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்போ," என்றார் நிராசாவா மெதுவாக. "இது என் வண்டிதான்."

"உங்க வண்டிதான்."

"நான் சொன்னதும் சரிதான்."

"நீங்க சொன்னதும் சரிதான். மன்னிச்சிடுங்க."

கிழவரின் முதுகு ஒரு விரக்கடை நிமிர்ந்தது. பிறகு இன்னொரு விரக்கடை. மூன்று நாளாகத் தூக்கமில்லாத முகத்தில் ரத்தம் திரும்பி ஓடியது. வண்டியின் கூரை மேல் உள்ளங்கையை முழுசாக வைத்தார். திடீரென்று அவர் கண்கள் சுருங்கின. "ஹூலா வகுப்புல நீங்க ஏழு பேரு. எங்க சங்கத்துலயும் ஏழு பேரு. புதனும் சனியும்... ஏய், சுகெகாவா வண்டி அப்படிப் பறக்குதே, அது..."

"நாங்க ஹூலா ஆடறோம்," என்றார் கிகுனோ.

நிராசாவா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் வண்டி மாதிரியே மூன்று தடவை இருமினார். நாலாவதில் கிளம்பிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், உட்கார்ந்து சிரித்தார், "கைராசி! கைராசியாம்!" என்று தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து வீட்டுப் பிளம் மரம் பருவம் தப்பி நாலு பூ விட்டதாகப் பிற்பாடு பேச்சு. சாகும்வரை இதைச் சுகெகாவாவிடம் சொல்ல மாட்டேன் என்று அவராகவே சத்தியம் செய்தார். சொல்லாமல் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் சுகமாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், வேறு குரலில் கேட்டார். "மூணாவது வளைவ எத்தனை வேகத்துல எடுப்பே?"

கிகுனோ சொன்னார்.

நிராசாவா அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே வைத்துப் பார்த்தார். "பொய்."

"ஏறுங்க."

அவர் வழக்கம்போல ஓட்டுநர் கதவுக்குப் போனார். கிகுனோ ஏற்கனவே அங்கே இரண்டு திண்டின் மேல் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக நிராசாவா வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் ஏறினார். பெல்ட்டை எந்தத் தோளுக்கு மேலே இழுப்பது என்று தெரியாமல் தடவினார். பின் சீட்டிலிருந்து தப்பிக்கப் பார்த்த தோபிதாவின் சட்டைக் காலரைத் தாமகி பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

ஹயாகாசே ஒரே திருகலில் கிளம்பியது.

முதல் வளைவில் நிராசாவாவின் வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடியது. இரண்டாவது வளைவில் அவர் மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தார். மூன்றாவது வளைவு வந்தபோது வாயைத் திறந்தார். "கியர... கியரக் கொஞ்சம் முன்னாடியே..."

"பேசாம வாங்க," என்றார் கிகுனோ, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல். "நாப்பத்தோரு வருஷமா அந்த சீட்டுல நான் உக்காந்து வந்திருக்கேன். என்னைக்காவது ஒரு வார்த்த பேசியிருக்கேனா?"

வளைவு வந்தது, சுழன்றது, போயே போய்விட்டது. டயர் முனகவில்லை. வேகமுள் கிகுனோ சொன்ன எண்ணை விட்டு அசையவில்லை.

நிராசாவா வாயை மூடிக்கொண்டார். அங்கிருந்து ஐந்தாவது வளைவில், கைப்பிடியை விட்டுவிட்டு, சன்னமான குரலில் கேட்டார்:

"திரும்பி வரும்போதாவது என்னை ஓட்ட விடுவியா?"

"பார்க்கலாம்," என்றார் கிகுனோ. அடுத்த கியரைப் போட்டார்.